தீராத நோயும் தீராத கடமையும்

மனிதர்க்கு வரும் நோய்களிற் சில மருந்தினாலே தீர்வன; சில தீராதன. புற்றுநோய் உடலெங்கும் பரந்து முற்றியவிடத்து அதனை வேரறுத்தல் பெரும்பாலும் இன்றும் இயலாததாகவே இருக்கின்றது. அந்நிலையில் வைத்தியர் உறவினரைத் தனியே அழைத்து, "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று கூறுதலை நாம் கேட்டிருக்கின்றோம். அச்சொல் உண்மையா? நோய் தீராதென்று கண்டபின் நோயாளிக்கு நாம் செலுத்தற்பாலதாகிய கடமையுந் தீர்ந்துவிடுமா? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது.

நோயை நீக்குதல் வேறு. நோயாளியின் துன்பத்தை நீக்குதல் வேறு. முன்னது இயலாதபோது பின்னதும் இயலாதெனக் கொள்ளுதலே இவ்விடயத்தில் நிகழும் மயக்கத்துக்கு மூலமாம். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயுற்றவன், வைத்தியன், மருந்து என்பவற்றோடு, அருகிருந்து பணிபுரிவோனையும் ஒரு கூறாக எண்ணினார். நோய் தீர்க்கும் மருந்து இல்லாதொழிந்த காலத்திலும் ஏனை மூவரும் இருக்கின்றனரன்றோ?

இலண்டன் நகரத்தில் தாதியாய்ப் பயின்று, பின்னர் 1957ஆம் ஆண்டில் வைத்தியராகவுந் தேறிய சிசிலி சோண்டேர்ஸ் அம்மையார் இவ்வுண்மையைச் செயலிற் காட்டினார். அக்காலத்து வைத்தியசாலைகளில், நோயாளி நோவு பொறாது கேட்டபின்னரே மோர்பீன் கொடுத்தல் பெருவழக்கு. அவ்வாறன்றி, நோவு மீளுமுன்னரே, குறித்த மணிக்கொருமுறை, அவரவர் நோவின் அளவறிந்து வாய்வழியாகக் கொடுப்பின், நோயாளி நோவு தணிந்தும் அறிவு மயங்காதும் இருத்தல் கூடும். முன்னர் வேறோர் இல்லத்தில் தாம் கண்ட இம்முறையை அம்மையார் 1958 முதல் ஹக்னியிலுள்ள சென் யோசேப் இல்லத்திற் கையாண்டு, நோயாளர் பலரின் நிலையைக் குறித்துவைத்து அதன் பயனை நிறுவினார். உடல்நோவு, மனக்கவலை, குடும்பத்தையும் பொருளையும் பற்றிய ஏக்கம், வாழ்ந்ததன் பயன் யாதென்னும் ஆன்ம வேதனை ஆகிய நான்கும் கலந்ததே அந்நோயாளர் படுந் துன்பமென்று கண்டு, அதனை முழுநோவு என்னுங் கருத்துடைய பெயரால் வழங்கினார். 1967இல் தென்னிலண்டனில் அவர் நிறுவிய சென் கிறிஸ்ரோபர் இல்லம், பராமரிப்போடு ஆராய்ச்சியும் போதனையும் நிகழும் இடமாயிற்று.

"இத்தகைய தணிப்புப் பராமரிப்பை ஏற்றல் உயிரைக் கைவிடுதலாகும், இறுதிவரை நோயோடு போராடச் செய்வதே அன்பு" என்பார் சிலர். அன்பிலே பிறந்த கூற்றாகலின் இதனை இகழ்ந்து தள்ளுதல் தகாது. ஆயினும் உண்மையை நோக்குவோம். அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத்து வைத்தியர்கள், நுரையீரற் புற்றுநோய் பரந்த 151 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு வழக்கமான சிகிச்சையை மாத்திரமும், மற்றைப் பகுதியார்க்கு அதனோடு தொடக்கத்திலேயே தணிப்புப் பராமரிப்பையும் அளித்து, கண்ட முடிபை 2010இல் வெளியிட்டனர். பராமரிப்புப் பெற்றாருள் மனச்சோர்வின் குறியுடையோர் நூற்றுக்கு 16 பேர். பெறாதாருள் 38 பேர். பெற்றவர்கள் இறுதிக்காலத்தில் கடுஞ்சிகிச்சையைக் குறைவாகவே பெற்றனர். எனினும், அவர்தம் வாழ்நாளின் இடைநிலை அளவு 11.6 மாதம், மற்றையோர்க்கு 8.9 மாதம். நோவைத் தணித்தல் உயிரைக் கைவிடுதலன்றென்பது இதனாற் பெறப்படும்.

பின்வந்த ஆராய்ச்சிகளெல்லாம் வாழ்நாள் நீளுமென்று ஒருபடித்தாய்க் காட்டவில்லை. ஆதலின் நம் கடமையை மாதக்கணக்கின்மேல் நிறுத்துதல் பொருந்தாது. ஒருநாளேனுங் கூடாதாயினும், நோவுற்றார் நோவைத் தணித்தல் கடனேயாம். அது உயிரைப் போக்குதலோடு ஒன்றாக எண்ணற்பாலதன்று. நோவுக்கு அளவாக மருந்தைக் கூட்டியுங் குறைத்தும் கொடுக்கும் வைத்தியன் கருதுவது நோவின் நீக்கத்தையே.

இன்னுமொன்று கூறுவாம். 2017இல் லான்செற் என்னும் வைத்தியப் பத்திரிகையின் ஆராய்ச்சிக் குழுவினர் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஓராண்டிற் பகிரப்பட்ட மோர்பீன் முதலிய அபின்சார் மருந்து, மோர்பீன் அளவிற் கணக்கிட, 298.5 தொன், அதில் மிக வறிய நாடுகளை அடைந்தது 0.1 தொன். ஆண்டெல்லாம் "செய்வதற்கு ஒன்றுமில்லை" என்னுஞ் சொல் இயலாமையாற் பிறப்பதன்று, கொடாமையாற் பிறப்பதாம்.

ஆசிரியர்காள்! உங்கள் மாணாக்கர் சிலரின் வீட்டில் இத்தகைய நோயாளர் இருத்தல் கூடும். என்ன சொல்வதென்றறியாது பிள்ளைகள் அவ்வறை வாயிலில் அஞ்சி நிற்பர். பெரியோரும் அவ்வாறே விலகிச் செல்வர். தலையணையைத் திருத்துதலும், நீர் கொடுத்தலும், மருந்துக்கு மணியாயிற்றென்று மூத்தோர்க்கு நினைவூட்டுதலும், ஒன்றும் பேசாது அருகிருத்தலும் மருத்துவத்தின் ஒரு கூறேயென்று அவர்களுக்குக் கற்பியுங்கள். அதனைக் கற்ற பிள்ளை வளர்ந்து வைத்தியனாயினும் மகனாயினும், நோயாளியின் முன்னே நின்று "ஒன்றுமில்லை" என்று கூறமாட்டான்.