நல்ல சமாரியனும் கடிகாரமும்

லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதை, கிறிஸ்தவர் அல்லாத பலருக்கும் தெரிந்ததுதான். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் ஒருவன் கள்வர் கையில் சிக்கிக் குற்றுயிராகக் கிடக்கிறான். அவ்வழியே வந்த ஆசாரியன் பார்த்துவிட்டு விலகிப் போகிறான், லேவியனும் அப்படியே. யூதர்கள் தாழ்வாக நினைத்த ஒரு சமாரியன்தான் நின்று, காயங்களைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கும் பணம் கொடுக்கிறான். முதல் இருவரும் ஏன் நிற்கவில்லை? நெஞ்சில் ஈரமில்லை என்பதுதான் பெரும்பாலும் நாம் கேட்டுப் பழகிய பதில்.

ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்களுக்கு இன்னொரு சந்தேகம் எழுந்தது. ஆசாரியனும் லேவியனும் பெரிய பொறுப்பில் இருந்தவர்கள். போக வேண்டிய இடமும் பார்க்க வேண்டிய ஆளும் அவர்களுக்கு நிறைய இருந்திருக்கும். சமாரியனுக்கு அந்த நெருக்கடி இல்லை. வேறுபாடு குணத்தில் இல்லாமல் நேரத்தில் இருந்திருக்குமோ?

இதைச் சோதிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த ஆட்கள், பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியின் மாணவர்கள். நாளைய போதகர்கள். ஒரு கட்டடத்தில் கேள்வித்தாள்களை நிரப்பியபின், பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சிறிய உரை ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். சிலருக்குத் தலைப்பு, இறையியல் படித்தவர்களுக்குப் பொருத்தமான வேலைகள். மற்றவர்களுக்கு நல்ல சமாரியன் உவமையே தலைப்பு. புறப்படும்போது சிலரிடம், "அங்கே தயாராகக் கொஞ்ச நேரமாகும், இருந்தாலும் கிளம்பலாம்" என்றார்கள். சிலரிடம் உடனே போகச் சொன்னார்கள். இன்னும் சிலரிடம், "உங்களை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள், தாமதமாகிவிட்டது" என்றார்கள். வழியில் ஒரு சந்தில், வாசற்படியில் ஒருவர் தலை கவிழ்ந்து, கண் மூடி, இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் சரிந்து கிடந்தார். அவர் ஆய்வாளர்கள் அமர்த்திய நடிகர் என்பது மாணவர்களுக்குத் தெரியாது.

முடிவுகள் 1973-இல் வெளிவந்தன. கணக்கில் எடுத்துக்கொண்ட 40 பேரில் உதவ முன்வந்தவர்கள் 16 பேர். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம், நடுத்தர அவசரத்தில் 45 சதவீதம், தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். சமாரியனைப் பற்றிப் பேசப் போன மாணவர்களில் சிலர், கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்தே போயிருக்கிறார்கள்.

இதைப் படிப்பவர்களுக்கு முதலில் வருவது கோபம். ஆய்வாளர்கள் அங்கே நிற்காமல், கடந்து போனவர்களின் மனநிலையையும் கவனித்தார்கள். நிற்காத பலர் அடுத்த கட்டடத்துக்குள் பதற்றத்தோடு நுழைந்தார்கள். அங்கே ஒருவர் உதவி வேண்டிக் கிடந்திருக்கலாம் என்று பின்னர் விசாரித்தபோது அவர்கள் சொன்னார்கள். ஆனால் அவரைக் கடந்த நொடியில் அது பலருக்கு உறைக்கவில்லை. அவசரம் இரக்கத்தை அழித்துவிடவில்லை. கண்ணில் பட்டது மனதில் பதிந்து பொருளாகும் முன்பே காலை முன்னே தள்ளிவிட்டது. தங்களுக்காகக் காத்திருப்பவருக்குக் கொடுத்த வாக்கும், தரையில் கிடப்பவரின் முனகலும் அவர்களை இரண்டு பக்கமும் இழுத்தன.

இதிலிருந்து மெய்யியலில் ஒரு பெரிய விவாதம் கிளம்பியது. நற்பண்பு என்பது பழகிப் பழகி மனிதனுக்குள் நிலைபெறுவது என்றார் அரிஸ்டாட்டில். கில்பர்ட் ஹார்மன், ஜான் டோரிஸ் போன்ற தற்கால அறிஞர்கள் இத்தகைய ஆய்வுகளைக் காட்டி, நிலையான குணம் என்று நாம் நம்புவது பெருமளவுக்குச் சூழலின் வேலை என்று வாதிட்டார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. உவமையைப் பற்றிப் பேசப் போனவர்களில் 53 சதவீதம் பேர் உதவினார்கள். வேலைகளைப் பற்றிப் பேசப் போனவர்களில் 29 சதவீதம். இந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது என்று ஆய்வாளர்கள் ஒதுக்கினார்கள். 40 பேரை மட்டும் வைத்து உவமைக்குப் பலனே இல்லை என்று முடிவுகட்ட முடியாது என்று ஆந்தனி கிரீன்வால்ட் 1975-இல் மறுத்தார். விரட்டப்பட்டவர்களிலும் பத்தில் ஒருவர் நின்றார் என்பதும் மறக்கக் கூடாதது.

இரக்கம் கையிலிருக்கும் நிமிடங்களைப் பொறுத்தது என்றால், மறை போதனைக்கு என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் உழைப்பை நிறுத்தும் யூதர்களின் ஓய்வுநாளும், நாளில் ஐந்து முறை கைவேலையை விட்டு எழச் செய்யும் முஸ்லிம்களின் தொழுகையும் மனிதனை அவசரத்திலிருந்து பிடித்து நிறுத்துகின்றன. அன்பு செய் என்று சொல்வதோடு, அன்புக்கு நேரம் ஒதுக்கவும் கற்றுத் தருகின்றன. அப்படிப் பார்த்தால், கிடந்தவரைத் தாண்டிப் போன மாணவரின் பொறுப்பு குறைவதில்லை. அது வேறொரு வேளைக்கும் நீள்கிறது. மூச்சுவிட இடமில்லாமல் ஒரு நாளைத் திட்டமிடும்போதே, வழியில் யாருக்கும் நிற்கப்போவதில்லை என்ற முடிவும் பாதி எடுக்கப்பட்டுவிடுகிறது. "தாமதமாகிவிட்டது" என்று விரட்டுபவருக்கும் அதில் பங்கு உண்டு.

உதவுவதற்கு மனம் மட்டும் போதாது, சூழலும் இடம் தர வேண்டும் என்ற உண்மையை இந்தியச் சட்டம் ஒரு துறையில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சாலையில் அடிபட்டவரைத் தூக்கப் பலர் தயங்கியதற்குக் காவல் நிலையமும் நீதிமன்ற அலைச்சலும் பெரிய காரணம். உதவுவோரைத் துன்புறுத்தக் கூடாது என்ற மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை தந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவரை, அடிபட்டவருக்கு நேர்ந்த பாதிப்புக்காக வழக்கில் இழுக்கக் கூடாது என்பது அதன் சாரம். உவமையில் வரும் பெயரையே அந்தச் சட்டம் அவருக்குச் சூட்டியிருக்கிறது. மக்களின் மனதை மாற்றுவதற்குக் காத்திராமல், நிற்பதற்கு இருந்த தடையை அது குறைத்தது. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் தாமதமாக வரும் ஊழியரை மேலாளரும், மாணவரை ஆசிரியரும் என்ன சொல்லி உள்ளே விடுகிறார்கள் என்பது அடுத்து நாம் கேட்டாக வேண்டிய கேள்வி.