மறைநூலைத் துண்டாக்கிப் படிக்கலாமா?

செஞ்சி வட்டாரத்தில் பனமலை என்னும் சிற்றூர் உண்டு. அங்கே சிறு குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோவில் நிற்கிறது. காஞ்சிக் கைலாசநாதர் கோவிலை எழுப்பிய பல்லவ மன்னன் இராசசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது அது. அதன் சிற்றாலயம் ஒன்றின் சுவரில் பழைய ஓவியம் ஒன்று எஞ்சியிருக்கிறது. மணிமுடி தரித்த உமை, குடை நிழலில், ஒரு காலை மடித்து ஒயிலாகச் சாய்ந்து நிற்கிறாள். அவள் பார்வை எதையோ நோக்கியிருக்கிறது. அவள் காண்பது சிவனின் ஆடலை. ஆனால் ஆடுகின்ற அந்த உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. செய்தி அறியாதவர் இவளைத் தனித்து நிற்கும் ஓர் அரசி என்றே எண்ணுவார். ஓவியத்தில் பிழை இல்லை, பார்ப்பவர் கண்ணிலும் குறை இல்லை. ஆயினும் முழுக் காட்சி கிட்டாததால் பொருள் மாறிப்போகிறது.

மறைநூலைப் படிக்கும்போதும் நமக்கு இதுவே நேர்கிறது. வேறுபாடு ஒன்றுதான். பனமலைச் சுவரில் அழிந்த பகுதியை இனி மீட்க முடியாது. மறைநூலின் முழுமையோ நம் கையிலேயே இருக்கிறது. இருந்தும் அதைத் துண்டாக்கிப் பார்ப்பவர்கள் நாமே.

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஒரு தாய் நம்மிடம் வந்து நின்றார். அவர் இடுப்பில் ஏழு வயது மகன். பிறவியிலேயே நடக்க இயலாதவன். செபிக்கவென்று வீட்டுக்கு வந்த ஒருவர் விடுதலைப் பயண நூலின் இருபதாம் அதிகாரத்தைத் திறந்து ஐந்தாம் வசனத்தை வாசித்தாராம். பெற்றோர் செய்த தீமைக்காக மூன்றாம், நான்காம் தலைமுறை வரை பிள்ளைகள் தண்டனை பெறுவர் என்னும் பகுதி அது. “முன்னோர் பாவம் இந்தப் பிள்ளைமேல் இறங்கியிருக்கிறது” என்றும் சொல்லிப் போயிருக்கிறார். “ஐயா, வேதத்துல நெசமாவே அப்படித்தான் எழுதியிருக்குதா?” என்று அந்தத் தாய் கேட்டார்.

இக்கேள்விக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் எளிது. ஆனால் அது பொய். எழுதியிருக்கிறது. அப்படியானால் நாம் என்ன விடை சொல்வது?

முதலாவதாக, அந்த வாக்கியம் அங்கே முடிந்துவிடவில்லை. அடுத்த வசனமே கடவுளின் பேரன்பு ஆயிரம் தலைமுறைக்கும் நீடிக்கும் என்கிறது. ஒரு பக்கம் மூன்றும் நான்கும், மறுபக்கம் ஆயிரம். இரண்டையும் ஒரே தராசில் வைத்துக் காட்டவே அது சொல்லப்பட்டது. ஒரு தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர் தராசையே உடைத்துவிட்டார். மேலும், அது சிலைவழிபாட்டை விலக்கும் கட்டளையோடு சேர்ந்து வருகிறது. மூன்று நான்கு தலைமுறைகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த காலத்தில், குடும்பத் தலைவனின் பிழை வீடு முழுவதையும் தாக்கும் என்னும் எச்சரிக்கையாகவே அதைக் கேட்டிருப்பர். ஒரு குழந்தையின் நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்க அது தரப்படவில்லை.

இரண்டாவதாக, இதே வசனத்தை இசுரயேல் மக்களே தவறாகப் புரிந்துகொண்ட காலமும் உண்டு. கி.மு. 587இல் எருசலேம் வீழ்ந்தது. பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்கள், தந்தையர் புளித்த திராட்சையைத் தின்றதற்குத் தங்கள் பல் கூசுவதாகப் பழமொழி சொல்லிப் புலம்பினர். அந்தப் பழமொழியை இனி யாரும் சொல்லக்கூடாது என்று எசேக்கியேல் வழியாகக் கடவுள் தடுத்தார் (எசே 18). எரேமியாவும் அதையே மறுத்தார் (எரே 31). மறைநூலே மறைநூலுக்கு விளக்கம் தருகிறது. பின்னர் வந்த இறைவாக்கினர், முன்னைய சொல்லின்மேல் படிந்த தவறான பொருளைத் துடைத்தெடுக்கின்றனர்.

மூன்றாவதாக, இதே கேள்வி ஆண்டவர் இயேசுவிடமே கேட்கப்பட்டது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவரா, இவர் பெற்றோரா என்று வினவினர். இருவரும் அல்லர் என்றார் ஆண்டவர் (யோவா 9:3). பின்பு மண்ணில் உமிழ்ந்து, சேறு உண்டாக்கி, அந்தக் கண்களைத் தொட்டார். சீடர்கள் காரணத்தைத் தேடினர், அவரோ அந்த மனிதரைத் தேடினார்.

“வசனம் வசனம்தானே? எழுதியபடி எடுத்துக்கொள்வதுதானே விசுவாசம்?” என்று சிலர் கேட்கலாம். லூக்கா நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தைப் புரட்டுவோம். அலகை ஆண்டவரைச் சோதித்தபோது, திருப்பாடல் 91இன் சொற்களையே எடுத்துக் காட்டியது. சொல் சரி, பயன்படுத்திய நோக்கம் தவறு. யோபின் நண்பர்களும் இறைவனைக் காப்பதாக எண்ணியே பேசினர். முடிவில் கடவுள் சினந்தது அவர்கள்மீதுதான் (யோபு 42:7). துன்புறுபவரின் வீட்டுக்குள் மறைநூலோடு நுழையும் எவரும் முதலில் படிக்க வேண்டிய அதிகாரம் இது.

திருச்சபை இதில் நம்மைத் தனியே விட்டுவிடவில்லை. 1943இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மறைநூல் ஆசிரியர் எந்த இலக்கிய வகையில் எழுதினார் என்று ஆராய்வதை ஊக்குவித்தார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இறை வெளிப்பாடு’ என்னும் கொள்கைத் திரட்டின் 12ஆம் எண்ணில் அதை உறுதிசெய்து, முழு மறைநூலின் ஒருமையையும் திருச்சபையின் உயிருள்ள மரபையும் கருத்தில் கொள்ளவேண்டும் என்றது. பாடலைச் சட்டமாகவும், உவமையைச் செய்தித்தாளாகவும் படிக்கலாகாது. நம் பகுதியிலுள்ள திண்டிவனத்தின் விவிலிய நடுநிலையம் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புப் பணியில் பங்கேற்றது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் ஒன்றாக அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டனர். சர்வேசுரன் என்றும் பராபரன் என்றும் பிரிந்து நின்றவர்கள் ‘கடவுள்’ என்னும் ஒரே சொல்லில் கூடினர். மறைநூலைச் சேர்ந்து படிப்பதே அதைச் சரியாகப் படிக்கும் வழி என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஆயினும் இவையெல்லாம் அறிந்தவர் மட்டுமே மறைநூலைத் திறக்கலாமா? அப்படியன்று. புனித அகுஸ்தினார் எளிய அளவுகோல் ஒன்றைத் தந்திருக்கிறார். எந்த விளக்கம் இறையன்பையும் பிறரன்பையும் வளர்க்கவில்லையோ, அதைச் சொன்னவர் மறைநூலை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்பது அவர் கருத்து. கல்வி இல்லாதவரும் கையாளத்தக்க அளவுகோல் இது.

ஆனால் அளவுகோலை அடுத்தவர்மேல் வைத்துப் பார்ப்பது எளிது. அந்தத் தாயைக் காயப்படுத்தியவரைக் குறைசொல்லும் நாம், கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் யூதரென்றும் கிரேக்கரென்றும், அடிமையென்றும் உரிமைக்குடிமகனென்றும் இனி வேறுபாடு இல்லை என்று வாசித்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை ஒதுக்கவில்லையா? திருச்சபைக்குள்ளும் தீண்டாமை நிலவுகிறது என்று இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அவர் ஒரு வசனத்தைத் துண்டாக்கினார். நாமோ முழு வசனத்தையும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைக்கிறோம். எது பெரிய பிழை?

அந்தத் தாய்க்கு நாம் கூறியது இவ்வளவே: “எழுதியிருக்கிறது, அம்மா. ஆனால் உங்கள் பிள்ளையைப் பற்றி எழுதவில்லை. அடுத்த வரியையும் படியுங்கள்.” புத்தகத்தைத் திறந்து ஆயிரம் தலைமுறை என்னும் வரியைக் காட்டினோம். மகன் ஏன் இப்படிப் பிறந்தான் என்பதற்கு நம்மிடம் விடை இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அவர் அந்த வரியின்மேல் விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, இரண்டு முறை வாசித்தார். பிறகு மகனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, “இவனைக் கொஞ்சம் கோவில் படியிறக்கி விடுங்க ஐயா” என்றார். அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.