வரம்பு வகுத்தலும் அறப்பொறுப்பும்

ஒரு மணல்மணி குவியலாகாது; அதனோடு மற்றொன்றைச் சேர்ப்பினும் குவியலாகாது. அவ்வாறாயின், எத்தனையாவது மணியிலே குவியல் தோன்றுகின்றது? கி. மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மெய்யியலாளரான யூபுலிடீசோடு தொடர்புபடுத்தப்படும் இவ்வினாவைச் சொல் விளையாட்டெனத் தள்ளுவோர் பலர். ஆயின், இயற்கை எல்லையிடாத இடத்தில் மனிதன் எல்லையிட நேரும்போதெல்லாம் இவ்வினா உயிர்பெறுகின்றது. விருப்பு வெறுப்பற்றதெனக் கருதப்படும் கணனியினுள்ளும் அஃது எழுகின்றது என்பது சிந்தனைக்குரியது.

கணனியின் முறைவழியாக்கியினுள்ளே, அங்கு நிகழ்பவற்றை எண்ணும் சிறு வன்பொருள் எண்ணிகள் உள்ளன. முறைவழியாக்கி ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் பல அறிவுறுத்தல்களை ஏற்கவல்லது. அவற்றுக்கென அமைந்த இடங்களுட் சில வேலையின்றி வீணே கழிவதுமுண்டு. அவ்வெற்றிடங்களை எண்ணுவதும் இவ்வெண்ணிகளின் பணிகளுள் ஒன்றாகும். ஆர்ம் கட்டமைப்பின் பிற்கால விரிவாக்கமொன்று இவ்வெண்ணிகளுக்கு வரம்பு விதிக்க வழிசெய்தது. லினக்ஸ் பணிசெயல் முறைமையின் கருவில், 2024இல் வெளிவந்த 6.8ஆம் பதிப்பு அவ்வசதியைப் பயனாளரின் கைக்குக் கொணர்ந்தது. வரம்பெண் யாது, அதனோடு ஒப்பிடும் விதி யாது, விதிக்கு இணங்கியதை எவ்வாறு கூட்டுவது என்னும் மூன்றையும் பயனாளரே தீர்மானித்தல் வேண்டும்.

மூன்று துடிப்புகளில் முறையே 1, 2, 3 இடங்கள் வெறுமையாயின எனக் கொள்க. வரம்பின்றி எண்ணினால் விடை 6. ‘இரண்டும் அதற்கு மேலும்’ என வரம்பிட்டால் விடை 5. அதே வரம்பின்கீழ், வெற்றிடங்களின் தொகையை விடுத்துத் துடிப்பொன்றுக்கு ஒன்றென எண்ணுமாறு பணித்தால் விடை 2. ‘இரண்டிற் குறைந்தவை’ எனின் விடை 1. பொறி ஒன்றே, அது செய்த வேலையும் ஒன்றே. விடைகள் மட்டும் நான்கு. இவற்றுள் எதுவும் பொய்யன்று. எனினும், ஒவ்வொன்றும் ஒன்றைக் காட்டுகையில் மற்றொன்றை மறைக்கின்றது.

அவ்வாறாயின் வரம்பையே நீக்கிவிடலாகாதோ எனச் சிலர் வினவலாம். வரம்பெண்ணை 0 என இட்டால் வரம்பு நீங்கிவிடும் என்பது உண்மையே. ஆனால், 6 என்னும் மொத்தம் ஆறு துடிப்புகளில் ஒவ்வோர் இடம் வெறுமையானதாலும் வரலாம். இரண்டு துடிப்புகளில் மும்மூன்று இடங்கள் வெறுமையானதாலும் வரலாம். சிறு தொய்வுக்கும் பெருந் தடைக்கும் உள்ள வேறுபாடு மொத்தத்தில் கரைந்துபோகின்றது. எனவே வரம்பு தவிர்க்கவியலாதது. அதனாலேயே அதனை வகுப்பவரின் பொறுப்பும் தவிர்க்கவியலாதது.

இவ்வுண்மை பொறிகளோடு நின்றுவிடுவதன்று. வறுமைக் கோட்டின்கீழ் வாழ்வோரைத் தலைக்கு ஒன்றென எண்ணும் முறையைப் பொருளியலாளர் அமர்த்தியா சென் 1976இல் வெளியான தமது கட்டுரையிற் கண்டித்தார். கோட்டிற்குச் சற்றே கீழுள்ளவரும் பட்டினியின் விளிம்பில் நிற்பவரும் அம்முறையில் ஒரே எண்ணாகின்றனர். மிக வறியவர் மேலும் வறியவராயினும் அவ்வெண் அசைவதில்லை. அவரிடமிருந்து பறித்துக் கோட்டின் அருகிலுள்ளவருக்கு அளித்து, அவரைக் கோட்டிற்கு மேல் உயர்த்தினால் வறியோர் தொகை குறைந்ததாகவே கணக்குக் காட்டும். துன்பம் பெருகியிருக்க, எண் ஆறுதல் கூறுகின்றது.

இரண்டிற்குமிடையே ஒரு வேறுபாடு உண்டு. பொறியியலாளர் தாம் இட்ட வரம்பு பொருந்தாதெனக் கண்டால், அதனை மாற்றி அதே நிரலை மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். கோட்டின் மறுபுறம் விடப்பட்டமையால் உதவி மறுக்கப்பட்ட மனிதரின் ஆண்டுகளை மீண்டும் இயக்கிப் பார்க்க வழியில்லை.

ஆதலின், எண்ணிக்கையை வெளியிடுவோர் வரம்பையும் எண்ணிய முறையையும் உடன் வெளியிடுதல் அறத்தின் முதற்படியாகும். அந்த வரம்பு யாரைக் கணக்கிற்கு வெளியே நிறுத்துகின்றது என்று கேட்பது அடுத்த படி. எண்ணுவது பொறியின் தொழிலாயிருக்கலாம். எது எண்ணப்பட வேண்டும் எனத் தீர்மானித்தல் என்றும் மனிதனின் பொறுப்பே.