ஆற்றில் இட்டதும் குளத்தில் எடுத்ததும்

கல்வராயன் மலையில் தோன்றி, எங்கள் நல்லூரைத் தொட்டுக்கொண்டு விருத்தாசலத்துக்குப் போய், பழமலைநாதரைத் தரிசித்த பிறகு வெள்ளாற்றில் கலந்துவிடுகிற மணிமுத்தாறு, வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடந்தாலும், தமிழ்நாட்டின் பக்தி சரித்திரத்தில் அதற்கு ஒரு பெரிய காரியம் வாய்த்திருக்கிறது. திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்து இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்ற சுந்தரமூர்த்தி நாயனார், அதைச் சுமந்துகொண்டு திருவாரூருக்கு நடக்காமல், இறைவன் ஆணைப்படி இந்த ஆற்றிலே இட்டார். திருவாரூரில் கமலாலயத்தில் இறங்கி எடுத்தார். புத்தியில்லாத காரியம் செய்கிறவனை, "ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுகிறான்" என்று நம் பெரியவர்கள் ஏசுவது வழக்கம். விரலால் தொட்ட மாத்திரத்தில் செல்போனில் படம் விழுகிற இந்தக் காலத்தில், சுருள் ஃபிலிம் போடுகிற பழைய காமிரா ஒன்றை நான் விலைக்கு வாங்கி வந்த அன்று, என் ஆயாவும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள். அவள் ஏசலாகச் சொன்னது அந்த வித்தையின் சரியான லக்ஷணம் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கிற்று.

அந்தக் காமிரா, இரண்டு கண்கள் மேலும் கீழுமாக அமைந்த யாஷிகா-மாட். மேற்கண் நாம் பார்ப்பதற்கு. கீழ்க்கண் ஃபிலிம் பார்ப்பதற்கு. இதில் போடுகிற 120 என்னும் சுருள் 1901-ஆம் ஆண்டில் கோடக் கம்பெனியார் கொண்டுவந்தது. ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் அகலம், முதுகிலே ஒளி புகாத காகிதம், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே சதுரப் படங்கள். நம்முடைய உதகமண்டலத்திலேயே, 1960-இல் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில், ‘இந்து’ என்று சந்திரனின் பெயரிட்டு இத்தகைய சுருள்களைச் செய்தார்கள்; அது மூடப்பட்டுவிட்டது, இப்போது இங்கிலாந்திலிருந்தும் பிற தேசங்களிலிருந்தும் வருவதை வாங்குகிறோம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்தக் காமிராவுக்கு மேல் வேண்டியவை மிகச் சிலவே: கறுப்பு வெள்ளைச் சுருள் நாலைந்து, கழுவுவதற்கு ஒரு டேங்க், டெவலப்பர், ஹைப்போ, ஒரு வெப்பமானி. ஒளியை அளக்கக் கருவிகூட உடனே வேண்டியதில்லை. மேகமற்ற வெயிலில் 100 வேகமுள்ள ஃபிலிமுக்குத் துவாரத்தை 16-இலும் ஷட்டரை விநாடியில் 125-இல் ஒரு பங்கிலும் வைத்தால் நம் ஊர் வெயில் பெரும்பாலும் ஏமாற்றாது.

இந்தக் காமிராவில் பார்ப்பதற்குத் தலை குனிய வேண்டும் என்பது எனக்கு மிகவும் உவப்பான விஷயம். கண்ணில் வைத்துக் குறி பார்க்கிற பாவனை இதில் இல்லை. வயிற்றருகே ஏந்தி, கோயில் தீர்த்தத்துக்குக் குனிவதுபோல் குனிந்து, சிறு கண்ணாடிப் பரப்பிலே நடுங்குகிற பிரதிபிம்பத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் இடம் வலமாய்த் தோன்றும். ஆற்றங்கரையில் கிழக்கே நடந்துபோகிறவர் கண்ணாடியில் மேற்கே போவார். அவரைத் தொடர்வதற்காகக் காமிராவைத் திருப்பினால் அவர் இன்னும் விலகிப் போவார். எதிர்த் திசையில் திருப்பப் பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். பிரத்தியக்ஷம் என்று நாம் அத்தனை உறுதியாக நம்புகிற காட்சியே திருத்தி வாசிக்க வேண்டிய ஒன்று என்பதைப் பிரமாண சாஸ்திரம் படிக்காதவனுக்கும் அந்தக் கண்ணாடி கற்பித்துவிடுகிறது.

ஆனால் என்னை நெடுநாள் அலைக்கழித்த கேள்வி இதற்கு அடுத்த நிலையில் பிறந்தது. ஷட்டர் திறந்து மூடுகிற அந்தக் கணத்தில் ஃபிலிமின்மேல் படம் விழுந்துவிடுகிறது. எனினும் அப்போது அதை எடுத்துப் பார்த்தால் அங்கே ஒன்றும் இராது. ஒளி பட்ட வெள்ளி உப்புத் துகளில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்ந்திருக்கும், அவ்வளவுதான் மாறுதல். பார்ப்பதற்காக வெளிச்சத்தில் நீட்டினால், பார்க்கிற செயலே அதை அழித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சூக்ஷ்ம ரூபத்தைக் காகிதத்திலிருந்து ரசாயனத்தால் வெளிக்கொணரலாம் என்று இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் கண்டது 1840-இல். இருக்கிறது, ஆனால் காண முடியாது. காண முயன்றால் இல்லாமலே போய்விடும் என்னும் இப்படிப்பட்ட இருப்பை எந்தப் பிரமாணத்தால் அறிவது? மறைந்திருப்பது ஒரு குறையா, அல்லது அந்தப் பொருளைக் காக்கிற ஏற்பாடா?

இதற்கு விடையை நான் ஒரு பிழையின் மூலமாகவே அடைந்தேன். விருத்தாசலத்தில் மாசி மகம், ஆற்றில் தீர்த்தவாரி. பன்னிரண்டு படங்களையும் அன்றைக்கே எடுத்தேன். கடைசிப் படத்தில் ஆயா, நனைந்த புடவையோடு, கைப்பிடியளவு மஞ்சளைக் காகிதத்தில் பொதிந்து மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். இரவு, கதவு ஜன்னல்களை எல்லாம் போர்வையால் அடைத்துச் சுருளை டேங்கில் ஏற்றினேன். இரண்டு பாட்டில்களும் ஒரே மாதிரியானவை. பெயர் எழுதி ஒட்டவில்லை. அவசரத்தில் டெவலப்பருக்கு முன்னே ஹைப்போவை ஊற்றிவிட்டேன். ஹைப்போ என்பது வெந்து தீர்ந்த படத்தை நிலைநிறுத்தி, மிஞ்சின உப்பைக் கரைத்துக் களைகிற மருந்து. இன்னும் வேகாத ஃபிலிமில் அதை ஊற்றினால், படம் எது, மிச்சம் எது என்று அதற்குத் தெரியாது, எல்லாவற்றையும் கரைத்துவிடும். வெளியே எடுத்தபோது சுருள் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. எழுபது வயதைக் கடந்த ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் மறுநாள் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்துவிட்டு, "படம் உள்ளதான் தம்பி இருந்துது, பக்குவம் ஆறதுக்கு முன்னாடி நிறுத்தப் பாத்துட்ட" என்றார்.

பக்குவம் என்கிற அந்தச் சொல்லை அவர் சமையலறையிலிருந்து எடுத்தாரோ சூளையிலிருந்து எடுத்தாரோ அறியேன். சைவ சித்தாந்தத்தில் அதைவிடக் கனமான சொற்கள் அதிகம் இல்லை. இறைவனுடைய தொழில்கள் ஐந்து என்பார்கள்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து என்று எல்லாவற்றையும் ஐந்தைந்தாக வைத்துக்கொண்டிருக்கிற விருத்தாசலம் கோயிலில் நின்று இந்த ஐந்தையும் எண்ணிப் பார்க்கிறவர்கள் நாலாவதில் சற்றுத் தடுமாறாமல் இரார். கருணையே வடிவானவன் எதற்காகத் தன்னை மறைக்க வேண்டும்? மறைக்கிற அந்தத் திரோதான சக்தியைச் சாஸ்திரம் மலங்களுள் ஒன்றாகவே எண்ணுகிறது. ஆனால், மலத்தோடு உடன் நின்று அதைப் பரிபாகம் அடையச் செய்வதால் உபசாரமாக அந்தப் பெயர் வந்தது, உள்ளபடி அதுவும் அருளே என்று பதினாலாம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் வழியில் வந்தவர்கள் விளக்குவார்கள். இதைப் பலமுறை படித்திருந்தும் அதுவரையில் எனக்கு அது சொற்சாதுரியமாகவே பட்டது. தெளிந்த அந்த வெற்றுச் சுருளைக் கையில் பிடித்திருந்தபோதுதான், மறைப்பு என்பது இருளில் வைத்து வளர்க்கிற ஒரு காவல் என்றும், அந்தக் காவலை நான் உடைத்துவிட்டேன் என்றும் உணர்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் இது புதிய செய்தியும் அன்று. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் அகலும் பொம்மையும் மின்சார ஃபியூஸ் கட்டைகளும் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். சூளையில் ஏற்றும்போது மெருகுப் பூச்சு வெறும் சுண்ணாம்பு பூசினாற்போல் மங்கிக் கிடக்கும். அதன் பளபளப்பு தீக்குள்ளே, யாரும் பார்க்காத இடத்தில் உண்டாகிறது. சூடு ஆறுவதற்கு முன் கதவைத் திறந்தால் காற்றுப் பட்டுப் பாத்திரம் வெடித்துவிடும். பார்க்க வேண்டும் என்கிற ஆசையை அடக்கத் தெரிந்தவரே அங்கே தொழிலாளி.

ஃபிலிமுக்கும் சூட்டிலேதான் பக்குவம். டெவலப்பருக்கு 20 டிகிரி என்று புத்தகம் சொல்லும். நம் சித்திரை மாதத்துக் குழாய்த் தண்ணீரோ 30-ஐத் தாண்டி நிற்கும். அப்படியே ஊற்றினால் படம் அளவுக்கு மீறிக் கறுத்துவிடும், ஃபிலிமின் மேற்பூச்சும் இளகிப்போகும். ஆகையால் வாளியில் ஐஸ்கட்டி போட்டு, அதில் பாட்டில்களை நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். டி-76 என்னும் பழைய டெவலப்பரே தொடங்குகிறவருக்குப் போதும். டேங்கை நிமிஷத்துக்கு ஒரு தரம் மெள்ளக் கவிழ்த்து நிமிர்த்துகிற அந்தச் சில நிமிஷங்களில் செய்வதற்கு வேறொன்றும் இல்லை; ஜபம் செய்கிறவர்கள் மணி உருட்டுகிற நேரம்போல அது எனக்கு ஆகிவிட்டது.

நம்பிக் காத்திருப்பது மாத்திரமே வித்தை என்று நான் சொல்லவில்லை. பொன்னை ஆற்றில் இடுவதற்கு முன் சுந்தரர் ஒரு காரியம் செய்தார்; அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பொன்னிலிருந்து சிறிது வெட்டி எடுத்து, மச்சம் என்று கையிலே வைத்துக்கொண்டார். திருவாரூரில் குளத்திலிருந்து எடுத்த பொன்னை அதோடு வைத்து உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்தது; மறுபடியும் பாடி, சரியான மாற்றைப் பெற்றார். இறைவனையே தோழனாகக் கொண்டவருக்கும் மச்சம் வேண்டியிருந்தது. அவருடைய நம்பிக்கை அதனால் குறைந்துவிட்டது என்று சேக்கிழார் கருதியதாகத் தெரியவில்லை. இருட்டறையில் பிரிண்ட் போடுகிறவர், முழுத்தாளையும் வீணாக்காமல் ஒரு துண்டை வெட்டி வெவ்வேறு அளவு ஒளி காட்டிச் சோதித்துக்கொள்வதும் இதே மச்சம்தான்.

புகைப்படம் என்பது என்ன என்கிற கேள்விக்கும் எனக்கு இங்கேதான் விடை கிடைத்தது. விருத்தாசலம் கோயிலிலிருந்து கல்லில் வடித்த அர்த்தநாரீசுவரர் திருமேனி திருட்டுப் போய், 2004-இல் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விலையாயிற்று. அதே கோயிலின் பிரத்தியங்கிரா தேவி கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடத்துக்குப் போனாள். இரண்டும் இவ்வூர்த் தெய்வங்கள் என்று உலகத்துக்கு நிரூபித்தவை பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950-களிலிருந்து தென்னாட்டுக் கோயில்களைச் சுற்றி, ஒன்றரை லக்ஷத்துக்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தேவி இந்தக் கோயிலிலேயே இருந்தாள் என்பதற்கு அவர்கள் 1974-இல் எடுத்த படம் சாட்சி சொன்னது. அர்த்தநாரீசுவரர் 2014 செப்டம்பரில், ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு டில்லியில் ஒப்படைக்கப்பட்டார். தேவி 2016-இல் திரும்பினாள்.

அந்தப் படங்கள் தெய்வம் அல்ல; அவற்றுக்கு யாரும் கற்பூரம் காட்டவில்லை. அவை மச்சம். ஆற்றில் போனது எது, குளத்தில் கிடைத்தது எது என்று உரைத்துப் பார்க்க, போவதற்கு முன்னே யாரோ வெட்டி வைத்த சிறு துண்டு. வெயிலில் நின்று அதை எடுத்தவர் திருட்டை நினைத்து எடுக்கவில்லை. என்ன பயனுக்கு என்று அறியாமலே எடுத்து, கழுவி, உறையிலிட்டு, ஊர்ப்பெயரை எழுதி வைத்தார். பல வருஷம் அது இருட்டிலே இருந்தது. அந்த இருட்டையும் நான் மறைப்பின் அருளாகவே எண்ணுகிறேன்.

அடுத்த மாசி மகத்தில் ஆயா மறுபடியும் அதே துறையில் நின்றாள். "போன வருசமும் நின்னேனே, அது என்னடா ஆச்சு?" என்று கேட்டாள், சொன்னேன். "சரி, இதையாவது பாத்துக் கழுவு" என்றாள். அந்த நெகடிவ் என்னிடம் இருக்கிறது: வெள்ளைத் தலைமயிர் கறுப்பாகவும், ஆற்று மணல் இரவுபோலவும்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டுப் பரணிலோ, மூடிவிட்ட ஸ்டூடியோவின் அலமாரியிலோ பழைய நெகடிவ்கள் கிடந்தால், அவற்றை வெள்ளிக்காக எடைக்குப் போட்டுவிட வேண்டாம். ஒவ்வொன்றையும் ஓரத்தைப் பிடித்து எடுத்து, காகித உறையில் இட்டு, உறையின்மேல் ஊர்ப்பெயரையும் வருஷத்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.