கடைசி வண்டி எத்தனை மணிக்கு?

பிளஸ் டூ முடிவு வெளியான மறுநாளே அரசு கலைக் கல்லூரிகளின் சேர்க்கை உதவி மையங்களில் கூட்டம் கூடிவிடும். விண்ணப்பம் இணையத்தில்தான். ஆனாலும் நேரில் வந்து ஓர் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டால்தான் நம் ஜனங்களுக்கு மனசு ஆறும். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு பிள்ளை வரும். கூடவே அப்பாவோ அம்மாவோ, சில சமயம் சித்தப்பாவோ. வட மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் ஆண்டுதோறும் அந்த மேசைக்குப் பின்னால் உட்காருகிறவள் நான். எந்தக் கேள்வி எப்போது வரும் என்பது எனக்கு அத்துப்படி.

முதல் கேள்வி அப்பாவிடமிருந்து. "எந்தக் கோர்ஸ் எடுத்தா மேடம் வேலை கிடைக்கும்?"

இதற்குப் பதில் சொல்ல நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. மே மாதம் தொலைக்காட்சியைப் போட்டால் கல்வி ஆலோசகர். பத்திரிகையைப் பிரித்தால் வழிகாட்டி மலர். அரசாங்கமும் 2022-லிருந்து 'நான் முதல்வன்' திட்டத்தில் வழிகாட்டிவருகிறது. நானும் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். வணிகவியலும் கணினி அறிவியலும் முதலில் நிரம்பிவிடும். வரலாறும் தமிழும் படித்தவர்கள் குரூப் ஃபோர், குரூப் டூ எழுதி அரசு வேலைக்குப் போயிருக்கிறார்கள். மூன்று வருடம் கழித்து நிலவரம் எப்படி இருக்கும் என்று அடித்துச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அடுத்த கேள்வி எழுந்து போகும்போது வரும். குரல் தணிந்திருக்கும். பெரும்பாலும் அம்மா கேட்பார், இல்லையென்றால் அதுவரை வாயே திறக்காத பெண் கேட்பாள்.

"ரெண்டாவது ஷிஃப்ட்டுன்னா எத்தன மணிக்கு மேடம் விடுவீங்க? எங்க ஊருக்குக் கடைசி வண்டி அஞ்சே முக்காலுக்கு."

அந்தப் பெண் பட்டம் வாங்குவாளா மாட்டாளா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கப்போகிற கேள்வி இது. எங்களுடையதைப் போன்ற அரசு கல்லூரிகள் காலை, பிற்பகல் என்று இரண்டு ஷிஃப்ட்டில் நடக்கின்றன. இருக்கிற வகுப்பறைகளை வைத்துக்கொண்டு கூடுதல் பேரைச் சேர்க்க வேறு வழியில்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிற்பகல் ஷிஃப்ட் முடிய மாலை ஐந்தரை ஆகிவிடும். கல்லூரி வாசலிலிருந்து பேருந்து நிலையத்துக்கு நடந்தால் இருபது நிமிஷம். ஐந்தே முக்கால் வண்டியை விட்டவள் வேறு வண்டி பிடித்து மெயின் ரோட்டில் இறங்கி, விளக்கில்லாத சாலையில் ஊருக்குள் நடக்க வேண்டும். அல்லது அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து நிற்க வேண்டும். முதல் மாதம் அண்ணன் வருவான். அடுத்த மாதம் அவனுக்கு வேலை இருக்கும். பிறகு அவள் கடைசி பீரியடுக்கு முன்பே கிளம்பத் தொடங்குவாள். வருகைப் பதிவு குறையும். தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும். கொஞ்சம் குறைந்தால் கண்டொனேஷன் கட்டி எழுதலாம், ரொம்பக் குறைந்தால் எழுத விட மாட்டார்கள். அதற்குள் தை பிறந்து வீட்டில் வரன் பேச்சு வந்துவிடும். இத்தனை நடந்ததில் ஓரிடத்திலும் "படிப்பை நிறுத்து" என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அரசு கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸும் உண்டு. இந்த இரண்டும் எத்தனை பேரைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தன என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதனால்தான் மிச்சமிருக்கிற அந்தக் கால்மணி நேரமும் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எங்கள் மாணவிகள் கையெழுத்துப் போட்டு, முதல்வரின் கடிதத்தோடு பணிமனைக் கிளை மேலாளரைப் போய்ப் பார்த்தார்கள். ஒரு வழித்தடத்தில் வண்டியைக் கொஞ்சம் தள்ளி எடுக்கச் சம்மதித்தார். எந்த ஊர் வண்டி எப்போது புறப்படும் என்று எழுதிய தாள் ஒன்று இப்போது சேர்க்கை மேசையில் எப்போதும் இருக்கும். ஸ்கோப் பற்றிய என் பேச்சைவிட அந்தத் தாளைத்தான் அம்மாக்கள் கவனமாகப் பார்க்கிறார்கள்.

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22-க்குத் தரும் கணக்குப்படி, 18 முதல் 23 வயதுக்காரர்களில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47. இந்தியா முழுமைக்கும் 28.4. நாம் பெருமைப்பட்டே ஆக வேண்டிய எண். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் அந்த எண் எப்படி வந்தது என்பது விளங்கும். வீட்டில் அவர்களுக்கு முன் யாரும் கல்லூரிப் படியேறியதில்லை.

அக்காவோ அண்ணனோ படித்த வீட்டில் இதெல்லாம் சாப்பிடும்போதே காதில் விழுந்துவிடும். இன்டர்னல் என்றால் என்ன, அலைடு பாடத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும், தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி தவறினால் அபராதத்தோடு கட்டலாமா, சந்தேகம் என்றால் ஆசிரியர் அறைக்கே போய்க் கேட்கலாமா என்பதெல்லாம் அங்கே யாரும் உட்கார்ந்து பாடமாக நடத்துவதில்லை, தானாக வந்துசேரும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியபோது அதன் முதல் பட்டதாரிகளான சி.வை.தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும்கூட யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரி என்ற ஒரே இடத்தில் படித்து வந்தவர்கள். முன்னால் போனவர் யாரும் இல்லாத பாதையில் அவர்களுக்குப் பக்கத்தில் பேச ஒருவராவது இருந்தார். எங்கள் முதலாமாண்டுப் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஒருவரும் இல்லை. தெரியாதது என்ன என்பதே தெரியாமல் எதை வந்து கேட்பார்கள்?

அரியர் விஷயத்தில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்கிறேன். கணிதத் துறையில் ஒரு பையன். முதல் செமஸ்டர் முடிவு வந்த வாரத்திலிருந்து ஆளைக் காணோம். கூடப் படிக்கிறவர்களைக் கேட்டால், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டேன். அப்பா எடுத்தார். "அவன்தான் ஃபெயிலாயிட்டானே மேடம், இனிமே எப்படி சேத்துக்குவீங்க?" என்றார். அவருக்குத் தெரிந்த ஃபெயில் பள்ளிக்கூடத்து ஃபெயில். ஒரு பாடத்தில் போனாலும் அந்த வருஷமே போச்சு என்பதுதான் அவர் அறிந்த சட்டம். மகனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். இரண்டு தாளில் அரியர் இருந்தாலும் அடுத்த செமஸ்டருக்கு அப்படியே போகலாம், அடுத்த தேர்வோடு சேர்த்து எழுதித் தேறிக்கொள்ளலாம், விடைத்தாளில் சந்தேகம் இருந்தால் ரீவேல்யூவேஷன் போடலாம் என்று சொன்னபோது, அந்த மனிதர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "இத அப்பவே யாராவது சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார் பிறகு. பையன் திரும்பி வந்தான். வருகை குறைந்திருந்ததால் கண்டொனேஷன் கட்ட வேண்டியிருந்தது. எழுதித் தேறிவிட்டான். கூப்பிட்டால் 'உபயோகத்தில் இல்லை' என்று வருகிற எண்களும் எங்கள் பதிவேட்டில் இருக்கின்றன.

அதனால் முதல் வாரத்திலேயே கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. எங்கள் பல்கலைக்கழகத்தில் தேற மொத்தத்தில் 40. அந்த 25 என்பது செமஸ்டர் முழுக்க நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது. மாதிரித் தேர்வைத் தவறவிட்டால் அதில் கைவைத்தாகிவிடும். அரியர் வந்தால் வீட்டில் உட்காராதே, மறுநாளே கல்லூரிக்கு வா. கடைசி வரியைச் சிவப்பு சாக்பீஸில் எழுதுவேன்.

இங்கிலீஷ் பற்றிய கேள்வியைப் பிள்ளைகள் நேராகக் கேட்பதில்லை. "நோட்ஸ் குடுப்பீங்களா மேம்?" என்பார்கள். பன்னிரண்டு வருடம் தமிழ்வழியில் படித்த பிள்ளை, ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லக் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கும். புரிந்ததா என்று கேட்டால் தலையாட்டும். முதல் மூன்று மாதம் இதுதான் நடக்கும், இந்த மூன்று மாதத்தில்தான் 'நமக்கு இது ஒத்துவராது' என்ற எண்ணம் விழுந்துவிடும். இதற்கு நான் செய்வது சின்ன வேலை. பழைய கேள்வித்தாள்களை எடுத்து, கேள்வி தொடங்கும் சொற்களை மட்டும் பட்டியல் போடச் சொல்கிறேன். டிஃபைன், எக்ஸ்பிளைன், டிஸ்டிங்குவிஷ், டிரைவ் என்று ஒரு பக்கம்கூட வராது. கேள்வி தன்னிடம் என்ன கேட்கிறது என்பது பிடிபட்டதும் பாதி பயம் தெளிந்துவிடுகிறது. வகுப்பில் சந்தேகத்தைத் தமிழிலேயே கேள் என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் கேட்டால் மட்டம் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

பெற்றோர் இந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள். "இங்கிலீஷ் மீடியமே போட்டுடுங்க" என்கிறார்கள். போடலாம், தவறில்லை. ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போட வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010-இல் வந்த சட்டம். பிறகு செய்த திருத்தத்தின்படி பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் வேலைக்கு, பட்டமும் தமிழ்வழியில் முடித்திருந்தால்தான் அது செல்லும். முதல் வகுப்பிலிருந்து தமிழில் படித்து வந்த பிள்ளை, சேர்க்கை மேசையில் ஒரு டிக் அடித்து அந்த உரிமையைக் கைவிடுகிறது. டி.என்.பி.எஸ்.சி. எழுதப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வருகிற பிள்ளைகளும் இதில் உண்டு. இதைச் சொல்லாமல் நான் யாரையும் அனுப்புவதில்லை.

ராகிங் இருக்குமா என்று அப்பாக்கள் கேட்பார்கள். 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை மறக்காத தலைமுறை அது. மறுவருஷமே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தது. யாரிடம் புகார் செய்ய வேண்டும் என்று பெயரும் எண்ணும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வாய்வார்த்தையாகத் தைரியம் சொல்வது போதாது.

பணம் பற்றிய கேள்விகளில் ஒன்று என்னை யோசிக்கவைத்தது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' 2024-இல் வந்தது. அம்மாக்கள் கேட்பது, "அந்த ஆயிரம் யாரு கணக்குல மேடம் விழும்?" மாணவியின் கணக்கில்தான் என்பேன். சிலர் முகத்தில் ஏமாற்றம் தெரியும், குடும்பக் கஷ்டம் அப்படி. ஒரு பெண்மணி மட்டும், "அப்ப ஏடிஎம் கார்டு இவகிட்டயே இருக்கட்டும், அவங்க அப்பாகிட்ட குடுக்க மாட்டேன்" என்று என் முன்னாலேயே மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். சேர்க்கை மேசையில் பாடப்பிரிவு மட்டுமா முடிவாகிறது?

சேரும்போது யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. வகுப்பு இல்லாத நேரத்தில் என்ன செய்வது? பிளஸ் டூ வரை ஸ்பெஷல் கிளாஸ், ஸ்லிப் டெஸ்ட், இரவுப் படிப்பு என்று ஒவ்வொரு மணிநேரத்தையும் வேறு யாரோ நிரப்பினார்கள். கல்லூரியில் ஆசிரியர் விடுப்பு என்றால் ஒரு மணிநேரம் சும்மா கிடைக்கிறது. முதலாமாண்டுப் பிள்ளைகள் அந்த நேரத்தில் வகுப்பறையிலேயே, பையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த மணிக்காகக் காத்திருப்பார்கள். வெளியே போகலாமா என்பதுகூடத் தெரியாது. நூலகத்தில் அடையாள அட்டையைக் காட்டினால் புத்தகம் எடுக்கலாம் என்று சொன்னால், "எங்களுக்குமா மேம்?" என்கிறார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மணிநேரம் அவர்கள் கைக்கு வருகிறது. அதை என்ன செய்வது என்று நான் சொல்லக்கூடாது என்றே நினைக்கிறேன். எங்கெல்லாம் போகலாம், எவையெல்லாம் அவர்களுக்கும் உரியவை என்பதை மட்டும் முதல் வாரம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட வேண்டும்: நூலகம், என்.எஸ்.எஸ். அறை, விளையாட்டுத் திடல், ஆசிரியர் அறை. கடைசியில் சொன்னதன் கதவைத் தட்டாமல் உள்ளே வரலாம் என்பதையும்.

போன சேர்க்கையில் ஒரு காரியம் செய்தோம். மூன்றாமாண்டுக்குப் போகும் மாணவிகள் இருவரை மேசையில் என் பக்கத்தில் உட்காரவைத்தோம். நான் தேநீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் அவர்களிடம் கேட்கப்பட்டவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார்கள். கழிப்பறையில் தண்ணீர் வருமா? நாப்கின் மெஷின் வேலை செய்யுமா? துப்பட்டாவைப் பின் குத்தித்தான் வரணுமா? வீட்டுச் சாப்பாடு பழைய சோறாக இருந்தால் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? சாதியைக் கேட்பார்களா? இத்தனை வருடத்தில் என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

நோட்டை முதல்வரிடம் கொண்டுபோனோம். மாடிக் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் போட்டாகிவிட்டது. மெஷின் பழுது பார்க்கச் சொல்லியிருக்கிறது. சாப்பிடும் இடம் இன்னும் அமையவில்லை. வேதியியல் துறைக்குப் பின்னால் காலியாக இருக்கும் கொட்டகையைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். சாதி பற்றிய கேள்வியை மட்டும் ஆசிரியர் கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டும் என்று அந்த இரண்டு பெண்களும் சொல்லிவிட்டார்கள். ஜூலை முதல் வாரக் கூட்டத்தில் அவர்களையும் உட்காரவைத்துப் பேசப்போகிறோம்.