இளமை தீர் திறம்

கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோடிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருவில் பல வருஷங்கள் குடியிருந்தேன். எதிர்ச்சாரியில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒருவர் ஏ.ஜி. ஆபீஸில் ரிடையர் ஆனவர், மற்றவர் டெலிபோன்ஸில். முன்னவர் வீட்டுத் தென்னை பின்னவர் வீட்டுப் பக்கம் சாய்ந்து வளர்ந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். மட்டை விழுந்த தேதிகளை எல்லாம் டெலிபோன்ஸ்காரர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். எது சம்ப் மூடிமேல் விழுந்தது, எது துணி காயப்போட்ட கொடிமேல், எது வெறுந்தரையில் என்று தனித்தனியாகக் கட்டம் போட்டு. ஏ.ஜி. ஆபீஸ்காரரிடம், காம்பவுண்டு சுவர் தன் மனைக்குள் ஒன்பது அங்குலம் வந்திருப்பதைக் காட்டும் வரைபடம் இருந்தது. இருவருக்கும் எழுபது தாண்டியாகிவிட்டது. இருவரும் மனைவியை இழந்தவர்கள். பிள்ளைகள் வெளிதேசத்தில். காலை ஆறரைக்குப் பால் பாக்கெட் எடுக்க வெளியே வரும்போது சண்டை ஆரம்பிக்கும். 'ஸார்' போட்டுத்தான் திட்டிக்கொள்வார்கள்.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் எங்கள் தெருவில் வேம்பு, முருங்கை, தூங்குமூஞ்சி எல்லாம் படுத்துவிட்டன. அந்தத் தென்னை மட்டும் நின்றது. மறுநாள் காலை டெலிபோன்ஸ்காரர் மொட்டை மாடியில் நின்று வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏமாற்றம் என்று அன்று நினைத்தேன். இன்று அவ்வளவு நிச்சயமாகச் சொல்லமாட்டேன்.

அதே வரிசையில் மூன்றாவது வீட்டில் ஒரு அம்மாள். கணவர் ரயில்வேயில் இருந்தவர். போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் கண்ணைச் சிரமப்படுத்தக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஏ.ஜி. ஆபீஸ்காரர் மாலை நாலு மணிக்குப் போய்ப் பேப்பர் படித்துக் காட்ட ஆரம்பித்தார். கண் சரியான பிறகும் படிப்பது நிற்கவில்லை. தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தேன் என்று மட்டும் சொல்வது பொய். அவருக்கு 'மாலைப் பதிப்பு' என்று பெயர் வைத்தவனே நான்தான். பெயர் நன்றாக ஓடியது. ஒரு வருஷத்துக்குள் அந்த அம்மாளின் பிள்ளை புனேயிலிருந்து வந்து அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். இந்தப் பெயர் அவர் காதில் விழுந்துதான் வந்தார் என்று யாரும் நிரூபிக்க முடியாது. அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துக்கொள்ளப் பார்த்த காலமும் உண்டு.

பதினோரு வருஷச் சண்டையை வெயில் மழை மாதிரி இயல்பாக எடுத்துக்கொண்ட ஒரு தெரு, பதினோரு மாதப் பேப்பர் படிப்பை ஏன் கேலிக்கு உரியதாக எடுத்துக்கொண்டது என்பதே என் கேள்வி. கிழவர்களுக்குப் பகை தகும், பிரியம் தகாது என்ற தீர்ப்பை எங்கிருந்து பெற்றோம்?

நம்மிடம் இதற்குப் பழைய பெயரே இருக்கிறது. தொல்காப்பியம் பெருந்திணையின் கூறுகளில் ஒன்றாக இளமை தீர் திறத்தைச் சொல்கிறது. இளம்பூரணர் அதை மூன்றாகப் பிரிக்கிறார். ஆண் முதியவன், பெண் இளையவள். பெண் முதியவள், ஆண் இளையவன். மூன்றாவது, இருவருமே இளமை கடந்தவர்கள், அறத்தில் செல்லவேண்டிய மனம் காமத்தில் செல்வது. முதல் இரண்டுக்கும் வயதுப் பொருத்தம் இல்லை என்பதே காரணமாகப் போதும். மூன்றாவதில் பொருத்தம் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, அங்கு அறத்தைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதே தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நாலைச் சொல்கிறது. முதுமை அந்தப் பட்டியலில் இல்லை. சிரிப்புக்கு உரியதாகச் சொல்லப்பட்டிருப்பது இளமை. நாம் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

தலைகீழாக்கும் வேலை சங்க காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது என்றும் சொல்லலாம். கலித்தொகை 65இல், இருட்டில் காதலனுக்காகக் காத்து நிற்கும் பெண்ணிடம் கிழப் பார்ப்பான் ஒருவன் வந்து மாட்டிக்கொள்கிறான். அவள் மணலை வாரித் தூற்ற, அவன் அலறுகிறான். ஊரே சிரிக்கத்தக்க கதையாகத்தான் அவள் அதைத் தோழியிடம் சொல்கிறாள். ஆனால் அதே தொகையில் 94ஆவது பாட்டும் இருக்கிறது. அரண்மனையில் வேலை செய்யும் கூனியும் குறளனும் எதிரெதிரே நின்று ஒருவர் உடம்பை மற்றவர் வைகிறார்கள். வைது தீர்ந்த பிறகு மனம் இளகுகிறது. அப்போது அவர்களுக்கு வரும் ஒரே பயம், இங்குள்ளவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்பது. ஆகவே வெளியே சோலைக்குப் போய்விடலாம் என்று தீர்மானிக்கிறார்கள். 65இல் கவிஞர் சிரிப்பவர்கள் பக்கம் இருக்கிறார். 94இல் சிரிப்பும் இருக்கிறது, சிரிப்புக்குப் பயப்படுகிறவர்களின் காதும் இருக்கிறது. சண்டையில் ஆரம்பித்துக் கூடலில் முடியும் ஹாஸ்யத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் நம் மொழியில் எனக்குத் தெரியாது. ஹாஸ்யத்துக்கு இருதயம் தற்காலிகமாக மரத்துப்போக வேண்டும் என்ற பொருளில் பெர்க்ஸன் 1900இல் வந்த தன் புத்தகத்தில் சொன்னார். 94ஆவது பாட்டைப் படித்திருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்.

சினிமாவுக்கு வருவோம். இளம்பூரணரின் முதல் இரண்டு வகைகளையும் பாலசந்தர் ஒரே படத்தில் வைத்தார்: 'அபூர்வ ராகங்கள்', 1975. யாரும் யாருடனும் சேராமல் படத்தை முடித்துக்கொண்டார். 1985இல் 'முதல் மரியாதை' முதல் வகை. மூன்றாவது வகையை மையமாக வைத்து 2017இல் 'ப. பாண்டி' வந்தது: ரிடையரான ஸ்டண்ட் மாஸ்டர் மகன் வீட்டை விட்டு மோட்டார் சைக்கிளில் ஹைதராபாத்துக்குப் பழைய காதலியைத் தேடிப் போகிறார். 2020இல் 'புத்தம் புது காலை' தொகுப்பில் சுதா கொங்கரா எடுத்த 'இளமை இதோ இதோ'. ஊரடங்கில் ஒரே வீட்டில் அகப்பட்டுக்கொள்ளும் விதுரரும் விதவையும். இது அனுதாபமுள்ள படம். ஆனால் அவர்கள் காதலாகிக் கனியும்போது திரையில் ஜெயராமும் ஊர்வசியும் மறைந்து, காளிதாஸும் கல்யாணியும் வந்துவிடுகிறார்கள். மனத்தளவில் அவர்கள் இளைஞர்கள் என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். எனக்கு இந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. நரைத்த தலையோடு பிரியம் காட்டினால் சிரிப்பார்கள் என்ற பயம் டைரக்டருக்கும் இருக்கிறது. கூனியும் குறளனும் தங்கள் உடம்போடுதான் சோலைக்குப் போனார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1993இல் வந்த 'க்ரம்ப்பி ஓல்ட் மென்' என் தெருவை மின்னசோட்டாவின் பனிக்கு நடுவே கொண்டு வைத்த மாதிரி இருக்கும். அடுத்தடுத்த வீட்டில் இரண்டு கிழவர்கள், தீராத பகை, எதிர்வீட்டுக்குக் குடிவரும் ஒரு பெண். வால்டர் மாத்தாவுக்கு அப்போது 73, ஜாக் லெம்மனுக்கு 68. அந்தப் பெண்ணாக வரும் ஆன்-மார்கரெட்டுக்கு 52. கிழவனுக்குக் காதலை அனுமதித்தார்கள். கிழவிக்கு இல்லை.

என் தெருவில் சிரித்தவர்களில் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். மத்திய சர்க்கார் விதிப்படி விதவைக்குக் குடும்பப் பென்ஷன் சாகும்வரை அல்லது மறுமணம் வரை. பிற்பாடு இதில் தளர்வு வந்தது, ஆனால் குழந்தையில்லாத விதவைக்கு மட்டும். ரிடையரான ஆணின் சொந்தப் பென்ஷனோ அவர் எத்தனை கல்யாணம் செய்துகொண்டாலும் குறையாது. ரிடையரான பிறகு கட்டிய மனைவிக்கும் குடும்பப் பென்ஷன் உண்டு என்று 1989இல் பகவந்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆக, பேப்பர் படிப்பு கல்யாணத்தில் முடிந்திருந்தால் அந்த அம்மாள் செத்துப்போன கணவரின் பென்ஷனை இழந்து, புதுக் கணவர் செத்தால்தான் மறுபடி ஒன்றைப் பெற்றிருப்பார். இடையில் கையில் ஒரு பைசா இருக்காது. இதை எழுதியவர்களுக்கு ஹாஸ்ய உணர்ச்சி இருந்திருக்கும் என்று தோன்றவில்லை.

சண்டைக்கோ சட்டம் தாராளமாகவே இடம் கொடுக்கிறது. ஒன்பது அங்குலத்துக்காக ஒருவர் செங்கல்பட்டு கோர்ட்டில் கேஸ் போட்டு, நடுவில் செத்தும் போனால், 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 22ஆவது கட்டளைப்படி வாரிசுகளைச் சேர்த்துக்கொண்டு கேஸ் மேலே நடக்கும். பகையை வாரிசுக்கு விட்டுப் போகலாம். பேப்பர் படித்த மாலைகளை விட்டுப் போக வழியில்லை. மனம் அறத்தில் செல்லவேண்டிய வயதில் மண்ணுக்குச் சண்டை போடுகிறீரே என்று எந்தப் பிள்ளையும் அமெரிக்காவிலிருந்து போன் செய்து கேட்பதில்லை. அது தன் மண். அறம் என்று உரைகாரர் சொன்ன இடத்தில் நாம் சொத்து என்று வாசித்துக்கொண்டால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

மீதிப் பாதி அவிழவில்லை. ஏனெனில் எனக்கு அந்த அம்மாள் வீட்டில் ஒரு செங்கல் பாத்தியதை கிடையாது. பென்ஷன் நின்றாலும் ஓடினாலும் எனக்கு ஒன்றுமில்லை. பின் நான் ஏன் சிரித்தேன்?

இதை யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் இது. சண்டைக்கு நேற்று போதும். டெலிபோன்ஸ்காரரின் நோட்டு முழுக்க விழுந்துபோன மட்டைகள்தான். கிழவர்களுக்கு நாம் கொடுத்திருக்கும் காலம் இறந்தகாலம். அதற்குள் இருந்துகொண்டு அவர்கள் கத்தலாம், கணக்குக் கேட்கலாம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு 'நாளைக்கு வர்றேன்' என்று ஒருவர் சொன்னபோதுதான் அவர் வரம்பு மீறினார். கிரேக்க மெனாண்டர் காலத்திலிருந்து ஹாஸ்ய நாடகம் கல்யாணத்தில் முடிவது அதற்குப் பிறகு நாளை ஒன்று உண்டு என்று காட்டத்தான். அதில் கிழவனுக்கு உள்ள பாத்திரம் குறுக்கே நிற்பது. குறுக்கே நிற்கவேண்டியவர் மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொள்ள வந்தால் சபை சிரிக்கிறது. எழுபத்திரண்டு வயதுக்காரர் நாளை என்று சொல்வது வேடிக்கை என்றால், நாற்பத்தைந்தில் நான் சொன்னது மட்டும் எந்த ஜாமீனின் பேரில்? அவரைப் பார்த்துச் சிரித்த நேரத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொள்ளாமல் இருக்கத்தான் சிரித்தேன் என்று இப்போது படுகிறது.

இதில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தெருவில் சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். டெலிபோன்ஸ்காரர். பகைவனை அவமானப்படுத்த அதைவிட நல்ல ஆயுதம் அவருக்குக் கிடைத்திருக்காது. பதினோரு மாதமும் மட்டை, சுவர், மோட்டார் சத்தம், இவற்றைத் தவிர வேறெதையும் அவர் வாயில் எடுக்கவில்லை.

அந்த அம்மாள் போன பிறகு மூன்றாவது வீட்டில் பூட்டுத் தொங்கியது. ஏ.ஜி. ஆபீஸ்காரர் சில நாள் வெளியே வரவில்லை. பால் பாக்கெட் பத்து மணிவரை கேட்டில் கிடந்தது. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, காலை ஆறரைக்கு டெலிபோன்ஸ்காரர் குரல் கேட்டு ஜன்னலுக்கு வந்தேன். கையில் ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு கேட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார். முந்தைய இரவு காற்றே இல்லை. மட்டை பழையது, காய்ந்து சருகாகியிருந்தது. 'ஸார், வெளியில வந்து பாருங்க ஸார், இதுக்கு என்ன பதில் சொல்றீங்க?' வெகுநேரம் கத்தினார். கடைசியில் உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.