ஈரத் தானியமும் ஈரச் சுவரும்

 

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஓர் இளைஞர் நம்மை நிறுத்தி ஸலாம் சொன்னார். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது, மொட்டை மாடி ஒழுக்கை அடைப்பது, டைல்ஸ் பதிப்பது முதலிய வேலைகளைச் செய்து தரும் ஒரு கம்பெனியில், விற்பனை மேலாளர் பதவிக்கு அவரை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். வேலை இல்லாமல் 6 மாதம் ஆகிவிட்டது. வீட்டில் வேறு வருமானமும் இல்லை.

“ஹஜ்ரத், பழைய இடத்தில் மாதம் 3 லட்சத்துக்குத்தான் வியாபாரம் பிடித்தேன். 5 லட்சம் என்று சொல்லச் சொல்கிறார்கள் கூட்டாளிகள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். சொல்லலாமா?” என்று கேட்டார்.

இது அவர் ஒருவருடைய கேள்வி அன்று. வேலை தேடும் நம் பிள்ளைகள் பலருடைய கேள்வி. ஆகவே அவருக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறோம்.

திறமையைக் கேட்டால் தாராளமாகச் சொல்லலாம். அது பெருமையடிப்பது ஆகாது. நபி யூசுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரு மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பேணிக் காப்பவர், விவரம் அறிந்தவர் என்று தாமே எடுத்துரைத்தார்கள். திருமறையின் 12ஆம் அத்தியாயத்தில் இதைக் காண்கிறோம். ஆனால் அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை.

குறையைக் கேட்டாலும் சொல்லலாம். பிர்அவ்னிடம் செல்லும்படி கட்டளை வந்தபோது, தம் சகோதரர் ஹாரூன் (அலை) தம்மைவிடத் தெளிவாகப் பேசுபவர் என்று நபி மூஸா (அலை) அவர்கள் அல்லாஹ்விடம் முறையிட்டுத் துணை கேட்டார்கள். அதனால் அவர்களுடைய பதவி பறிபோகவில்லை. கேட்ட துணைதான் கிடைத்தது.

இனி, அந்த வேலையையே பாருங்கள். மாதக் கடைசி. டார்கெட்டுக்குக் கொஞ்சம் குறைகிறது. ஒரு வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்கக் கூப்பிடுகிறார். போய்ப் பார்த்தால் சுவரில் ஈரம். குழாய்க் கசிவையோ மாடி வெடிப்பையோ கண்டுபிடித்து அடைத்து, சுவரைக் காயவிட்ட பிறகே பெயிண்ட் அடிக்கவேண்டும். ஈரத்தின்மேல் அடித்தால் பளபளப்பு சில மாதந்தான். பிறகு உப்புப் பூக்கும், கொப்புளம் கிளம்பும், பட்டை பட்டையாக உரியும். இது விற்பவருக்குத் தெரியும்; வாங்குபவருக்குத் தெரியாது. மேலாளர் கண்ணை மூடிக்கொண்டால் அவருக்குக் கீழே உள்ள அத்தனை விற்பனையாளர்களும் மூடிக்கொள்வார்கள். பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவார்கள் என்பதை நாம் அறிவோம்.

ஒருமுறை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸ் இது. தானியம் நனைந்தது அவருடைய குற்றமன்று. நனைந்ததை மறைத்ததே குற்றம்.

“தம்பி! 3 லட்சம் என்பது உங்கள் குற்றமன்று. அதை 5 லட்சம் என்பது ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட். அங்கே நீங்களே சரக்கு, முதலாளியே வாங்குபவர். இன்று உங்களைப் பொய் சொல்லி விற்றால், நாளை ஈரச் சுவரைக் காட்டி ‘இதையும் விற்றுவிடு’ என்று அவர் சொல்லும்போது எந்த வாயால் மறுப்பீர்கள்?” என்றோம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “வேலை கிடைக்காமல் போனால், ஹஜ்ரத்?” என்றார் மெல்ல.

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். முயல்வது நம் கடமை. இதைச் சொல்வது எளிது, அடுப்பெரியாத வீட்டில் தாங்குவது கடினம் என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே பெற்றோர்களே! தேர்வு முடிந்து வரும் பிள்ளையிடம் “சம்பளம் எவ்வளவு?” என்று கேட்குமுன், “உண்மையைச் சொன்னாயா?” என்று கேளுங்கள். சொன்னேன் என்றால், வேலை கிடைக்காவிட்டாலும் முகம் சுளிக்காமல் சோறு போடுங்கள்.

வல்ல நாயன் நம் மக்களுக்கு ஹலாலான வருமானத்தையும் அதில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.